எங்கே நின்றது? ஓஎஸ் போடும்போது தடங்கல் வந்தால் தேடும் வழி

“மாமா, நேத்து ராத்திரி விண்டோஸ் 10 போட்டு முடிச்சேன், நல்லா ஓடுச்சு. காலையில ஆன் பண்ணினா நீலத் திரை.”

“திரும்பப் போட்டுப் பாத்தியா?”

“மூணு தடவை போட்டாச்சு மாமா. ராத்திரி ஓடுது, விடிஞ்சா ஓட மாட்டேங்குது.”

அக்கா மகன் போனில் இப்படிச் சொன்னபோது எனக்கும் உடனே பிடிபடவில்லை. அவன் கையில் இருந்தது கோர் 2 டியோ ப்ராசஸர் போட்ட பழைய டெஸ்க்டாப். நான் எழுதிக் கொடுத்த குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்று விடாமல் செய்திருந்தான். அந்தப் புதிருக்கு விடை கடைசியில் வரும். அதற்கு முன், ஓஎஸ் (கணினியை இயக்கும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற அடிப்படை மென்பொருள்) போடுவது பாதியில் நின்றுவிட்டால் நான் எப்படித் தேடுவேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கணினி ஆனாலும், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள், கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் மெய்நிகர் கணினி ஆனாலும் தேடும் வழி ஒன்றுதான்.

யார் உதவி கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி “எங்கே நின்றது?” என்பது. பென்டிரைவையே கண்டுகொள்ளாமல் நின்றதா? இன்ஸ்டாலர் (ஓஎஸ்ஸை ஏற்றும் நிரல்) வந்தபின் டிஸ்க்கைக் காணோம் என்றதா? பாதிக் கோப்புகள் ஏறியபின் உறைந்ததா? எல்லாம் முடிந்து முதல் ரீஸ்டார்ட்டில் விழுந்ததா? இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டியவற்றில் பாதி கழிந்துவிடும். டிஸ்க் பட்டியல் வரைக்கும் வந்துவிட்ட கணினியில் பூட் வரிசையை (எந்த டிரைவிலிருந்து முதலில் கிளம்ப வேண்டும் என்ற வரிசை) மறுபடி நோண்ட வேண்டியதில்லை.

என்னிடம் இதற்கென்று ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. எந்த மெஷின், எங்கே நின்றது, திரையில் வந்த செய்தி எழுத்துக்கு எழுத்து, அடுத்து எதை மாற்றினேன். ஒரு முறைக்கு ஒன்றைத்தான் மாற்றுவேன். பென்டிரைவையும் மாற்றி, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே உள்ள நிரல்) செட்டிங்கையும் மாற்றி, ஐஎஸ்ஓ கோப்பையும் (ஓஎஸ் முழுதும் அடங்கிய, இறக்கிய கோப்பு) மாற்றினால் ஓஎஸ் ஏறிவிடலாம். ஆனால் எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த மெஷினில் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். திரையில் பிழை வந்ததும் எண்டர் தட்டுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நினைவிலிருந்து சொல்லும் செய்தி பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன்

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள். இறக்கிய தளத்திலேயே அந்தக் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண் கொடுத்திருப்பார்கள், 64 எழுத்து நீளம் இருக்கும். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையும், லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் கட்டளையும் உங்கள் கோப்புக்கு அதே எண்ணைக் கணக்கிட்டுத் தரும். இரண்டும் பொருந்தினால் கோப்பு சரி. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் மூன்று மணி நேரம் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, அந்த மெஷின் இந்த ஓஎஸ்ஸைத் தாங்குமா என்பது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு ப்ராசஸரில் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் என்ற இரண்டு வசதிகள் கட்டாயம் வேண்டும். கோர் 2 டியோவில் அவை இல்லை. எந்தத் தந்திரம் செய்து இன்ஸ்டாலரின் சோதனையைத் தாண்டினாலும் அது பூட் ஆகாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். லினக்ஸ் பக்கம், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. 32 பிட் மெஷினுக்கு டெபியன் 12 வரைதான். உபுண்டு தன் 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை 2017-லேயே நிறுத்திவிட்டது.

ஒரே செய்தி, இரண்டு காரணம்

லினக்ஸ் போடும்போது கருப்புத் திரையில் ஒரு வாக்கியம் வரும்: இந்தக் கெர்னலுக்கு எக்ஸ்86-64 ப்ராசஸர் வேண்டும், ஆனால் ஐ686 மட்டும்தான் தென்படுகிறது. அதோடு நின்றுவிடும். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; எக்ஸ்86-64 என்றால் 64 பிட், ஐ686 என்றால் 32 பிட்.

பழைய லேப்டாப்பில் இது வந்தால் அதை அப்படியே நம்பலாம். ப்ராசஸர் உண்மையாகவே 32 பிட். 64 பிட் ப்ராசஸர்கள் சாதாரணக் கணினிகளுக்கு வரத் தொடங்கியதே 2003-க்குப் பிறகுதான், எல்லா மாடலுக்கும் பரவ இன்னும் சில வருடம் ஆனது. 32 பிட் ஐஎஸ்ஓ தேடுங்கள். பென்டியம் எம் லேப்டாப்பாக இருந்தால் இன்னொரு சிக்கலும் வரும்: பிஏஇ (32 பிட் ப்ராசஸர் 4 ஜிபிக்கு மேற்பட்ட ராமையும் தொட உதவும் வசதி) இல்லை என்று கெர்னல் மறுக்கும். அந்த ப்ராசஸர்களில் சிலவற்றில் வசதி உண்டு, இருப்பதை வெளியே சொல்லாது. பூட் வரியின் கடைசியில் ஃபோர்ஸ்பிஏஇ என்று சேர்த்தால் கிளம்பிவிடும்.

இதே வாக்கியம் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் வந்தால் அர்த்தம் வேறு. உங்கள் ப்ராசஸர் 64 பிட்டாகத்தான் இருக்கும். மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது பதிப்புப் பட்டியலில் 32 பிட் என்று முடியும் பெயரைத் தேர்ந்திருப்பீர்கள். செட்டிங்கில் அதை 64 பிட்டாக மாற்றினால் போதும். பட்டியலில் 64 பிட்டே காட்டவில்லை, அல்லது மெஷின் ஸ்டார்ட்டே ஆகாமல் விடி-எக்ஸ் (மெய்நிகர் கணினியை ஓட்ட ப்ராசஸர் தரும் வசதி) முடக்கப்பட்டிருக்கிறது என்கிறது என்றால், உண்மையான கணினியின் பயாஸுக்குள் போக வேண்டும். இன்டெல்லில் அதன் பெயர் விடி-எக்ஸ் அல்லது இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி; ஏஎம்டியில் எஸ்விஎம் மோட். இயக்கிவிட்டுச் சேமித்து வெளியே வாருங்கள்.

அந்த வரியே பயாஸில் இல்லாமலும் இருக்கலாம். கோர் 2 டியோவிலேயே சில மாடல்களில் விடி-எக்ஸ் கிடையாது. 2019 டிசம்பரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் அந்த வசதி இல்லாத ப்ராசஸரில் எந்த மெய்நிகர் கணினியும் ஓடாது. அப்படிப்பட்ட மெஷினில் நேரடியாக ஓஎஸ் போட்டுப் பயன்படுத்துவதே நல்லது.

மெய்நிகர் கணினிக்கே உரிய சில

விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமை தெரிகிறதா என்று பாருங்கள். ஆமை இருந்தால் விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி அமைப்பான ஹைப்பர்-வி ஏற்கெனவே ப்ராசஸரின் அந்த வசதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது என்று பொருள். இருபது நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை இரண்டு மணி நேரம் இழுக்கும், சில நேரம் நடுவிலேயே உறையும். விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் ஆமை போகவில்லை என்றால் விண்டோஸ் பாதுகாப்புப் பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி இயங்குகிறதா என்று பாருங்கள். அது ஒரு பாதுகாப்பு வசதி, அணைப்பதா வேண்டாமா என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

விண்டோஸ் இன்ஸ்டாலர் தொடங்கிய உடனேயே மைக்ரோசாஃப்ட் உரிம விதிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றால், ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று எல்லோரும் மறுபடி இறக்குவார்கள். பெரும்பாலும் கோப்பு நன்றாகத்தான் இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 7, ஐஎஸ்ஓவைக் காட்டியதுமே, உங்களுக்காகத் தானே பதில்களை நிரப்பி ஓஎஸ் போட முயலும். அந்தப் பதில் கோப்பு பொருந்தாதபோது வரும் செய்தி இது. மெஷினை அழித்துவிட்டு, புதிதாக உருவாக்கும்போது அந்தத் தானியங்கி நிறுவலைத் தவிர்த்துவிடுங்கள் (7.0 பதிப்பில் ‘ஸ்கிப் அனட்டெண்டட் இன்ஸ்டலேஷன்’ கட்டத்தில் டிக் போட வேண்டும்). லினக்ஸிலும் அதைத் தவிர்ப்பதே என் வழக்கம். இல்லையென்றால் ஓஎஸ் ஏறிய பிறகு, நீங்கள் வைக்காத விபாக்ஸ்யூசர் என்ற பெயர் வந்து நின்று கடவுச்சொல் கேட்கும். அந்தக் கடவுச்சொல் சேஞ்ச்மீ.

லினக்ஸ் இன்ஸ்டாலர் சிறிய ஜன்னலில் வந்து ‘தொடர்க’ பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துபோவது இன்னொரு தொல்லை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுசால் ஜன்னலை மேலே இழுங்கள். சில டெஸ்க்டாப்களில் ஆல்ட்டுக்குப் பதில் விண்டோஸ் விசை. இழுபடவில்லை என்றால் டேப் விசையைத் தட்டித் தட்டிப் பொத்தானுக்குப் போய் எண்டர் தட்டலாம். மெஷினை அணைத்து டிஸ்ப்ளே பகுதியில் வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்கி வைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே வராது.

விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் கிளம்ப விடும் வசதி), 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க் கேட்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் முதலிரண்டையும் மெய்நிகராகவே கொடுக்கிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு விண்டோஸ் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) குறுக்குவழி தேடுவதை விட விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பிப்பது சுலபம். எம் வரிசை சிப் உள்ள மேக்கில் சாதாரண இன்டெல் ஐஎஸ்ஓவை வழக்கமான வேகத்தில் ஓட்ட முடியாது. ஏஆர்எம்64 ஐஎஸ்ஓ வேண்டும்.

பென்டிரைவைக் கண்டுகொள்ளாத பழைய பயாஸ்

பழைய மதர்போர்டுகளில் பூட் வரிசையில் யூஎஸ்பி என்ற வரியை முதலில் கொண்டுவந்தும் அது ஹார்ட் டிஸ்க்குக்கே போய்விடும். காரணம், அந்த பயாஸ்கள் பென்டிரைவையும் ஒரு ஹார்ட் டிஸ்க்காகவே எண்ணும். பென்டிரைவைச் செருகிய பிறகு ஆன் செய்து, பயாஸுக்குள் ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்’ என்ற உள்பட்டியலைத் திறந்தால், உங்கள் டிஸ்க்கின் பெயருக்குக் கீழே பென்டிரைவின் பெயர் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கும். அதை முதலாவதாக ஏற்றுங்கள். அதை விடச் சுலபம், ஆன் செய்ததும் பூட் மெனு விசையைத் தட்டுவது: மெஷினைப் பொறுத்து எஃப்12, எஃப்9, எஃப்11 அல்லது எஸ்கேப்.

ரூஃபஸ் என்ற மென்பொருளில் இன்ஸ்டால் பென்டிரைவ் தயாரிக்கும்போது பார்ட்டிஷன் முறை (டிஸ்க்கைப் பிரிக்கும் முறை) என்று ஒரு கேள்வி வரும். பயாஸ் மட்டுமே உள்ள பழைய மெஷினுக்கு எம்பிஆர், யூஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்த புதிய வடிவம்) உள்ளதற்கு ஜிபிடி. மாற்றிக் கொடுத்தால் மெனுவில் பெயர் தெரியும், தேர்ந்தால் ஒன்றும் நடக்காது. விண்டோஸ் ஐஎஸ்ஓவைக் கையால் ஃபேட்32 பென்டிரைவில் நகலெடுப்பவர்கள் இன்னொரு சுவரில் முட்டுவார்கள்: ஃபேட்32 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, விண்டோஸின் இன்ஸ்டால் கோப்பு பல நேரம் அதைத் தாண்டியிருக்கும்.

நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகியிருந்தால் கருப்புத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் 7 போடுபவர்களுக்கு இது முக்கியம். அதன் இன்ஸ்டாலரில் யூஎஸ்பி 3-க்கான டிரைவர் இல்லை. டிவிடி டிரைவுக்கான டிரைவரைக் காணோம் என்று அது சொல்லும்போது நீங்கள் டிவிடியே பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள். அந்தச் செய்தியைப் படித்து டிரைவர் தேடி அலையாமல் துளையை மாற்றுங்கள்.

லினக்ஸ் மெனு வந்து, எண்டர் தட்டியதும் திரை கருப்பாகிவிட்டால் அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் தகராறு. மெனுவில் இ விசையைத் தட்டினால் பூட் வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேர்த்து எஃப்10 தட்டுங்கள். இது அந்த ஒரு முறைக்குத்தான். ஓஎஸ் ஏறியபின் சரியான டிரைவர் போட்டுவிட்டு அதை எடுத்துவிடலாம்.

டிஸ்க் எங்கே?

இன்ஸ்டாலர் வந்துவிட்டது, ஆனால் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறது. உண்மையான கணினியில் முதலில் பயாஸுக்குள் போய் அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லை என்றால் கேபிள், மின் இணைப்பு, அல்லது டிஸ்க்கே போய்விட்டது. பயாஸில் பெயர் தெரிந்து, இன்ஸ்டாலரில் மட்டும் தெரியவில்லை என்றால் சாட்டா மோடை (டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறை) பாருங்கள். ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்ட் என்று மூன்றில் ஒன்றாக இருக்கும். ரெய்டில் இருந்தால் பல இன்ஸ்டாலர்களுக்கு டிஸ்க் தெரியாது. ஏஎச்சிஐக்கு மாற்றினால் தெரியும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு நேர் எதிர்: அதற்கு ஏஎச்சிஐ டிரைவர் கிடையாது, ஏழு பி என்று முடியும் நீலத் திரை காட்டி விழும். அதற்கு ஐடிஇ வையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பி போட்டாலும் இதே விதி, டிஸ்க்கை ஐடிஇ கண்ட்ரோலரில் மாட்டுங்கள்.

ஒரு மெஷினில் ஓஎஸ் போட்ட மோடை அதன்பின் மாற்றக் கூடாது, முக்கியமாக விண்டோஸில். போடும்போது ஏஎச்சிஐ என்றால் எப்போதும் ஏஎச்சிஐ. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் மெய்நிகர் கணினி ஓட்டும் கேவிஎம்மில் விண்டோஸ் போடுபவர்களுக்கு டிஸ்க் தெரியாமல் போவது மிகச் சாதாரணம். டிஸ்க்கை விர்ட்ஐஓ (மெய்நிகர் கணினிக்கென்றே உள்ள இணைப்பு முறை) வகையில் கொடுத்திருப்பீர்கள், விண்டோஸுக்கு அந்த மொழி தெரியாது. விர்ட்ஐஓ-வின் என்ற ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, இன்ஸ்டாலரில் ‘லோட் டிரைவர்’ தட்டி, அதில் வயோஸ்டார் ஃபோல்டருக்குள் உங்கள் விண்டோஸ் பதிப்பு, அதற்குள் ஏஎம்டி64 என்று போய்த் தேர்ந்தெடுங்கள். அந்த நொடியே டிஸ்க் பட்டியலில் வந்துவிடும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எம்பிஆர் அட்டவணை இருப்பதால் இதில் போட முடியாது என்று விண்டோஸ் சொன்னால், இன்ஸ்டாலர் யூஇஎஃப்ஐ வழியாகக் கிளம்பியிருக்கிறது, டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிஸ்க்கில் இருப்பது எதுவும் வேண்டாம் என்றால் ஷிஃப்ட்டோடு எஃப்10 தட்டுங்கள், கட்டளைத் திரை திறக்கும். டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, க்ளீன், கன்வெர்ட் ஜிபிடி என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். க்ளீன் தட்டிய கணத்தில் அந்த டிஸ்க்கின் பிரிவுகள் எல்லாம் போய்விடும், உறுதியா என்று ஒருமுறை கூடக் கேட்காது. லிஸ்ட் டிஸ்க் காட்டும் கொள்ளளவைப் பார்த்து, உங்கள் டிஸ்க்கின் எண் 0 தானா, 1-ஆ என்று நிச்சயித்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு உட்காருவேன். ஒரு குடும்பத்தின் பத்து வருடப் படங்கள் தவறான எண்ணால் போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

டிஸ்க்கில் இருப்பது வேண்டும் என்றால் க்ளீன் பக்கமே போகாதீர்கள். பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வரும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அது இல்லாத வரியைத் தேர்ந்து கிளம்புங்கள். அதற்குப் பென்டிரைவும் எம்பிஆர் முறையில் தயாரித்ததாக இருக்க வேண்டும்.

பாதியில் நிற்பது

என் நோட்டில் அதிகப் பக்கம் இதற்குத்தான் போயிருக்கிறது. கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றால், உடனே எதையும் மாற்றாமல் இன்னொரு முறை அப்படியே ஓட்டுங்கள். எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றால் கோப்போ, பென்டிரைவோ, டிஸ்க்கின் ஒரு பகுதியோ கெட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடம் என்றால் ராம், சூடு, பவர் சப்ளை ஆகியவற்றைப் பாருங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு டெஸ்க்டாப்பில். டிடிஆர்2 ராம், 2 ஜிபி குச்சிகள் இரண்டு. முதல் முறை 23 சதவீதத்தில் ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்றது. இரண்டாவது முறை 61-இல் நீலத் திரை. மூன்றாவது முறை 48-இல் மவுஸ் அம்பு அப்படியே உறைந்தது. பென்டிரைவை மாற்றினேன், ஐஎஸ்ஓவை மறுபடி இறக்கினேன், ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினேன். இரண்டு மாலைப் பொழுது போனது. மூன்றாம் நாள், அதே மெஷினை லைவ் லினக்ஸில் (டிஸ்க்கில் போடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) கிளப்பி, ஒரே ஐஎஸ்ஓ கோப்புக்கு எஸ்எச்ஏ-256 இரண்டு முறை எடுத்தேன். இரண்டு விடையும் வேறு வேறு. ஒரே கோப்புக்கு இரண்டு எண் வருகிறது என்றால் அதைக் கணக்கிடும் நினைவகம் நம்பத் தகுந்ததாக இல்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டேன், நாலாவது நிமிடத்தில் சிவப்பு வரிகள் இறங்க ஆரம்பித்தன. ஒரு குச்சியைக் கழற்றினேன், சுத்தமாக ஓடியது. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுக் கழற்றியதைப் போட்டேன், மறுபடி சிவப்பு. அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பல குச்சிகள் அதிலேயே உயிர்த்துவிடும், இது உயிர்க்கவில்லை. நல்ல குச்சி ஒன்றை மட்டும் வைத்து, 2 ஜிபியில் இலகுவான ஒரு லினக்ஸ் போட்டேன்.

அன்றிலிருந்து, பத்து வயது தாண்டிய எந்த மெஷினிலும் ஓஎஸ் போடுவதற்கு முந்தின இரவு மெம்டெஸ்ட் ஓட விட்டுவிடுவேன். கூடவே டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரம் பார்ப்பேன். அதில் மூன்று வரிகள் போதும். 5-ஆம் எண் கெட்டதென்று ஒதுக்கிவைத்த செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்), 197 சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். இந்த இரண்டும் பூஜ்ஜியத்துக்கு மேலே ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது கேபிளில் தரவு சிதைவதை எண்ணும் கணக்கு. சாட்டா கேபிளை மாற்றுங்கள். நல்ல டிஸ்க்குகள் எத்தனையோ இந்த ஒரு வரியைப் படிக்காததால் குப்பைக்குப் போகின்றன, அது எனக்கு உண்மையாகவே வலிக்கும்.

இன்ஸ்டாலர் ஏன் நின்றது என்று அதுவே எழுதி வைத்திருக்கும். டெபியன் இன்ஸ்டாலரில் ஆல்ட்டோடு எஃப்4 தட்டினால் பதிவு ஓடுவதைப் பார்க்கலாம். படங்களுடன் கூடிய இன்ஸ்டாலர் என்றால் கண்ட்ரோலையும் சேர்த்துத் தட்டுங்கள். விண்டோஸில் பாந்தர் என்ற ஃபோல்டரில் செட்டப்எர்ர் என்ற பதிவுக் கோப்பு இருக்கும், கடைசி இருபது வரியைப் படித்தாலே திசை தெரியும்.

மெய்நிகர் கணினி பாதியில் நின்றால் முதலில் உண்மையான கணினியின் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மெய்நிகர் டிஸ்க் 50 ஜிபி என்று சொல்லியிருப்பீர்கள், ஆரம்பத்தில் சில எம்பிதான் பிடித்திருக்கும், கோப்புகள் ஏற ஏற வளரும். வெளியே இடம் தீர்ந்ததும் மெஷின் அப்படியே இடைநிறுத்தப்படும். இடம் ஒதுக்கிக் கொடுத்துத் தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்தே ஓடும். ராமைப் பொறுத்தவரை, உண்மையான கணினியில் இருப்பதில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து திணறும்.

முதல் ரீஸ்டார்ட்

எல்லாம் முடிந்தது, ரீஸ்டார்ட் ஆகி மறுபடி இன்ஸ்டாலரே வருகிறதா? பென்டிரைவைப் பிடுங்குங்கள், மெய்நிகர் கணினியில் ஐஎஸ்ஓவை வெளியே எடுங்கள். சாதனங்கள் மெனுவில் ஒரு சொடுக்கு.

லினக்ஸில் கடைசிக் கட்டத்தில் கிரப் (லினக்ஸைக் கிளப்பிவிடும் சிறு நிரல்) நிறுவ முடியவில்லை என்று வந்தால், கிளம்பிய முறைக்கும் டிஸ்க் பிரித்த முறைக்கும் பொருந்தவில்லை. இன்ஸ்டாலரில் ஒரு டெர்மினலைத் திறந்து, சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ முறையில் கிளம்பியிருக்கிறீர்கள், ஃபேட்32 ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று வேண்டும். இல்லையென்றால் பழைய பயாஸ் முறை. டிஸ்க் ஜிபிடியாக இருந்தால் பயாஸ் பூட் என்று குறியிட்ட 1 எம்பி பார்ட்டிஷன் ஒன்று வேண்டும். இரண்டில் எது இல்லையோ அதைச் சேர்த்தால் கிரப் உட்கார்ந்துவிடும். மெய்நிகர் கணினியில் ஈஎஃப்ஐ வேண்டுமா வேண்டாமா என்பதை ஓஎஸ் போடுவதற்கு முன்பே முடிவு செய்து, பிறகு அந்த டிக்கைத் தொடாதீர்கள்.

இனி அக்கா மகனின் டெஸ்க்டாப். போடும்போது சிக்கல் இல்லை, முதல் ரீஸ்டார்ட்டும் தாண்டிவிட்டது. இரவுக்கும் காலைக்கும் நடுவில் எது மாறுகிறது என்று கேட்க வேண்டியிருந்தது.

“ராத்திரி படுக்கும்போது எப்படி அணைப்பே?”

“ஷட்டவுன் பண்ணிட்டு, சுவத்து சுவிட்சையும் ஆஃப் பண்ணிடுவேன் மாமா.”

“காலையில ஆன் பண்ணினதும், நீலத் திரைக்கு முன்னாடி ஏதாவது சொல்லுதா?”

“சிமோஸ்னு என்னமோ வருது. எஃப்1 அழுத்தச் சொல்லும், அழுத்திடுவேன்.”

“இப்ப பயாஸுக்குள்ள போயி தேதி என்ன காட்டுதுன்னு பாருப்பா.”

“2009, ஜனவரி 1.”

மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய பேட்டரி செத்துவிட்டது. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை பவர் சப்ளையின் துளி மின்சாரம் பயாஸின் நினைவை, அதாவது அவன் சொன்ன சிமோஸை, காக்கும். சுவிட்சை அணைத்ததும் எல்லாச் செட்டிங்கும் ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும், அந்த போர்டில் சாட்டா மோட் ஐடிஇ. இரவில் என் குறிப்பின்படி ஏஎச்சிஐக்கு மாற்றி விண்டோஸ் போடுவான், காலையில் டிஸ்க் ஐடிஇ ஆகியிருக்கும், விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் காணாமல் நீலத் திரை காட்டும். அவன் மறுபடி குறிப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து தொடங்குவான். அந்த முதல் வரியே ‘பயாஸில் ஏஎச்சிஐ வை’ என்பது. அதனால் அந்த மாற்றம் அவன் கண்ணில் படவே இல்லை.

அவனிடம் மல்டிமீட்டர் இருந்தது. 3 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 1.2 காட்டியது. மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் புதுப் பேட்டரி போடச் சொன்னேன். தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்கிச் சேமித்தான். விண்டோஸை நாலாவது முறை போடவில்லை. மூன்றாவது முறை போட்டதே மேசைப் படத்தோடு வந்து நின்றது. மறுநாள் காலை சுவர் சுவிட்சைப் போட்டுவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பினான்: திரையின் வலது மூலையில் கடிகாரம், சரியான நேரத்தோடு.